குழந்தைக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்களா? மதுரைப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகனுக்கு மூன்று வயதில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. தியேட்டருக்குள் அவன் இருந்தது கொஞ்ச நேரம்தான். அதற்கு முன்னால் ரேஷன் கார்டு, காப்பீடு, சளி, தேதி, பட்டினி என்று நாங்கள் பட்ட பாடுதான் பெரிது. டாக்டர் வேலையை டாக்டர் பார்த்துக்கொள்வார். மீதி எல்லாம் நம் தலையில்தான், அதையும் கேட்டால்தான் சொல்வார்கள். நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. அவசரமா, ஆறப்போடலாமா?

முதலில் இதைத் தெளிவாகக் கேளுங்கள். குழந்தைகளுக்கு வருகிற வீக்கம் எல்லாம் ஒன்றல்ல.

அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில், அழும்போதும் முக்கும்போதும் புடைத்துக்கொண்டு வருவது குடலிறக்கம். இது தானாக மூடாது, ஆபரேஷன்தான். பெரும்பாலும் தேதி குறித்து நிதானமாகச் செய்வார்கள். ஆனால் புடைப்பு உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகிப்போய், குழந்தை விடாமல் அழுது, வாந்தியும் எடுத்தால் குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது கார்டு, காகிதம் எதையும் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே கிளம்புங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால், டாக்டர் 'சீக்கிரம் செய்துவிடலாம்' என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

தொப்புள் புடைப்பு வேறு. அது பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்குள் தானாகவே மூடிவிடும். தொப்புள்மேல் காசு வைத்துக் கட்டுவது நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. அதனால் ஓட்டை மூடாது, தோல்தான் புண்ணாகும். விதைப்பையில் நீர் கோத்திருந்தால் ஒன்றிரண்டு வயது வரை பொறுத்துப் பார்ப்பார்கள். விதை கீழே இறங்காமல் இருந்தால் பொறுக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்வதுதான் முறை. 'பெரியவனானால் சரியாகிவிடும்' என்று வீட்டில் யாராவது சொன்னால், எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. யாரிடம் போவது?

குழந்தை அறுவை சிகிச்சைக்கென்றே தனியாகப் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். பனகல் சாலையில் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனையில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், அதற்குத் தனித் துறையே இருக்கிறது. தனியாரிடம் போவதென்றால், ஆபரேஷன் செய்யப்போகிறவர் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரா, மயக்க மருந்து கொடுப்பவருக்குச் சின்னக் குழந்தைகளிடம் பழக்கம் உண்டா என்ற இரண்டையும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். கோபித்துக்கொள்கிறவரிடம் குழந்தையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற, ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசுக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழு உங்கள் குழந்தையைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறப்பிலிருந்து 18 வயது வரை அந்தத் திட்டத்தில் சேரும். அந்தச் சீட்டோடு போனால், எங்கே போய் யாரைப் பார்ப்பது என்ற அலைச்சல் குறையும்.

பெரியாஸ்பத்திரி ஓ.பி. காலையில்தான். ஒவ்வொரு டாக்டர் குழுவுக்கும் ஓ.பி. பார்க்கும் கிழமை, தியேட்டர் கிழமை என்று தனித்தனியாக உண்டு. முதல்முறை போகும்போதே 'எங்களைப் பார்க்கிற யூனிட் எது, அவர்களுக்கு எந்தக் கிழமை ஓ.பி.?' என்று கேட்டுச் சீட்டின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். அது தெரியாமல் கிழமை மாறிப் போனால், காலையெல்லாம் வரிசையில் நின்று வேறு டாக்டரைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.

3. காகிதங்கள்

ஆபரேஷன் வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே இந்த வேலையைத் தொடங்குங்கள். தேதி கொடுத்த பிறகு தொடங்கினால் தேதிதான் தள்ளிப்போகும்.

பிறப்புச் சான்றிதழ்: குழந்தையின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறந்தவுடன் வாங்கிய சான்றிதழில் பல வீடுகளில் பெயர் இருக்காது. ஒரு வருடத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 15 வயது வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில்தான் இதைச் செய்ய முடியும். பிரசவம் தாய்வீட்டு ஊரில் நடந்திருந்தால் அங்கேதான் போக வேண்டும்.

ஆதார்: ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குக் கைரேகை, கண்விழி எதுவும் எடுக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் ஒருவரின் ஆதாரும் இருந்தால் போதும், புதிதாகப் பதிவு செய்யப் பணம் கிடையாது. பதிந்த அன்றே கார்டு வராது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் கார்டு: பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். குழந்தைக்கு ஆதார் எடுத்திருப்பார்கள், ரேஷன் கார்டில் பெயர் சேர்த்திருக்க மாட்டார்கள். அரசின் காப்பீடு ரேஷன் கார்டை வைத்துத்தான் குடும்பத்தைப் பார்க்கிறது. கார்டில் இல்லாத குழந்தை, காப்பீட்டின் கண்ணுக்கு உங்கள் குழந்தையே இல்லை. பெயர் சேர்க்க இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் பார்த்து ஒப்புதல் கொடுப்பார்கள். சிலருக்குச் சீக்கிரம் முடிகிறது, சிலருக்கு இழுக்கிறது. விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டால்தான் நகர்கிறது என்பது என் அனுபவம்.

காப்பீட்டு அட்டை: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை அது ஏற்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர் தொடங்கித் தாசில்தார் வரை கோப்பு போய் வர வேண்டும் என்பதால் ஒரு வாரம், பத்து நாள் ஒதுக்குங்கள். அட்டைக்குப் பதிவு செய்கிற மையம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை, ஓ.பி. முடித்துவிட்டு அப்படியே போய்வரலாம். குடும்பத் தலைவராகக் கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரை அழைத்துப் போங்கள். ஏற்கெனவே அட்டை இருக்கிறதா, அதில் குழந்தை இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

அட்டை இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனையில் குழந்தையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அங்கே சிகிச்சை இலவசம்தான். ஆனாலும் அட்டை இருந்தால் கொடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் காப்பீட்டுப் பணம் மருத்துவமனைக்குப் போகும். தனியாரில் அட்டை இல்லாவிட்டால் முழுப் பணமும் நம் கையிலிருந்துதான்.

இனி பெயர்ப் பொருத்தம். பிறப்புச் சான்றிதழில் 'தருண்', ஆதாரில் 'தருண் குமார்', ரேஷன் கார்டில் அப்பாவின் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால். நமக்கு எல்லாம் ஒரே பிள்ளை, கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள். மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால், பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருத்துவது எளிது.

எல்லாவற்றிலும் நான்கு ஜெராக்ஸ், குழந்தையின் பாஸ்போர்ட் அளவுப் படம், பெற்றோரின் படம். ஒரு பட்டன் பைலில் போட்டு ஒருவர் பொறுப்பில் விடுங்கள். ஆஸ்பத்திரி வாசல் ஜெராக்ஸ் கடையில் காலை நேரத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் இதை ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

4. பணம்

அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குச் செலவு போக்குவரத்து, சாப்பாடு, இழந்த சம்பளம். தினக்கூலிக்குப் போகிற வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. மாநகராட்சி அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். காத்திருக்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

தனியாரில் முதலமைச்சர் காப்பீட்டில் செய்வதாக இருந்தால், 'இந்த ஆபரேஷன் இந்த ஆஸ்பத்திரியில் காப்பீட்டில் உண்டா?' என்று கேளுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் ஆஸ்பத்திரி இருக்கும், நமக்கு வேண்டிய ஆபரேஷன் அங்கே இருக்காது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டவை. முன் அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன் நடக்க வேண்டும். 'முதலில் கட்டுங்கள், அப்புறம் திரும்ப வாங்கித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

சொந்தமாக எடுத்த மருத்துவ பாலிசி இருந்தால் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடலிறக்கத்துக்குப் பல தனிநபர் பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் உண்டு, அதாவது பாலிசி எடுத்து இரண்டு வருடம் ஆகும்வரை அதற்குப் பணம் தர மாட்டார்கள். வெளியே தெரிகிற பிறவிக் குறைபாடுகளைச் சேர்க்காத பாலிசிகளும் நிறைய. கம்பெனி கொடுக்கிற குழு பாலிசியில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் குழந்தையின் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும்.

அறை வாடகை இன்னொரு பொறி. பாலிசியில் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் அறைதான் அனுமதி என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி. இருக்கட்டும் என்று 6,000 ரூபாய் அறையில் போய் உட்கார்ந்தால், மீதி மூவாயிரத்தை மட்டும் கட்டினால் போதாது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில், பாதிக்குப் பாதி வெட்டிவிடுவார்கள். அட்மிஷன் மேசையிலேயே அறை வரம்பைக் கேட்டு அதற்குள் அறை எடுங்கள்.

இ.எஸ்.ஐ. பிடிக்கிற வேலையில் இருப்பவர்களுக்குத் தத்தனேரியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அங்கே வசதி இல்லாத சிகிச்சை என்றால் வேறு இடத்துக்கு அவர்களே பரிந்துரை எழுதுவார்கள். பரிந்துரைக்கு முன்னால் நாமாகத் தனியாரில் சேர்த்துவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

5. தேதி வாங்குவது, உடல் தகுதி

இரத்தப் பரிசோதனை, குழந்தை மருத்துவரின் சான்று, மயக்க டாக்டரின் பரிசோதனை என்று வரிசையாக அனுப்புவார்கள். மயக்க டாக்டரைப் பார்க்கும்போது குழந்தையின் அம்மா கூட இருக்க வேண்டும். வீசிங் உண்டா, குறைமாதத்தில் பிறந்ததா, வலிப்பு வந்ததுண்டா, எந்த மருந்துக்காவது தடிப்பு வந்ததா, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா என்று கேட்பார்கள். நாட்டு மருந்து கொடுத்துவந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பதுதான் ஆபத்து. ஆறேழு வயதுக் குழந்தைக்குப் பல் ஆடினால் அதையும் சொல்ல வேண்டும், மூச்சுக்காக வாய் வழியே குழாய் வைக்கும்போது விழுந்து தொண்டைக்குள் போகலாம்.

சளி, காய்ச்சல் இருந்தால் ஆபரேஷன் இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை தள்ளிப்போகும். சளி பிடித்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ள வாய்ப்பு அதிகம். தேதியை விட மனம் வராமல், மூக்கைத் துடைத்துக்கொண்டு 'நேற்றே சரியாகிவிட்டது டாக்டர்' என்று சொல்கிற பெற்றோரை வார்டில் பார்த்தேன். கோபம்தான் வந்தது. தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கல்யாணம், காதுகுத்து, கோயில் கூட்டம் எதற்கும் குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். தடுப்பூசி போடும் நாள் பக்கத்தில் வந்தால் எதை முன்னால் வைப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊசிக் காய்ச்சலையும் கிருமிக் காய்ச்சலையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

நல்ல நாள் விஷயம். எங்கள் வீட்டு அப்பத்தா செவ்வாய்க்கிழமை வேண்டவே வேண்டாம் என்றார், அப்புறம் அஷ்டமி வந்தது. டாக்டரின் தியேட்டர் கிழமை பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. ஒரு தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று கேட்டு, அதைப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள்.

ஆனால் ஒரு நாளைக் கண்டிப்பாகத் தவிருங்கள், அது சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி கோரிப்பாளையம், வைகைப் பாலங்கள் பக்கமெல்லாம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். பச்சைப் பிள்ளையோடு அந்தக் கூட்டத்தில் மாட்டக் கூடாது.

6. பட்டினி

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் வெறும் வயிறு. பொதுவான கணக்கு இது: சோறு, இட்லி, பிஸ்கட், மாட்டுப் பால், பவுடர் பால் எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன். உங்கள் மயக்க டாக்டர் வேறு நேரம் சொன்னால் அவர் சொன்னதுதான் கணக்கு.

பால் தண்ணீர் மாதிரிதானே என்று நினைக்கிறவர்கள் நிறைய. இல்லை, பால் வயிற்றில் போய்த் திரிந்து கெட்டியாகிவிடும், அது சாப்பாட்டுக் கணக்கு. கஞ்சித்தண்ணீரும் சாப்பாட்டுக் கணக்குதான்.

'ராத்திரிக்கு மேல் ஒன்றும் கொடுக்காதீங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். அதோடு விடாதீர்கள். 'தண்ணீர் எத்தனை மணி வரை கொடுக்கலாம்?' என்று திருப்பிக் கேளுங்கள். சின்னக் குழந்தையை விடிய விடிய நாக்கு வறளப் போடத் தேவையில்லை. இரவு தூங்கப்போகும் முன் நன்றாகச் சாப்பிட வையுங்கள். அதிகாலையில் எழுப்பி, அனுமதித்த நேரத்துக்குள் தண்ணீர் கொடுங்கள்.

காலையில் யார் கையாலும் குழந்தைக்கு எதுவும் போகக் கூடாது. வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மா பாசத்தில் ஒரு பிஸ்கட்டை நீட்டுவார். பார்க்க வந்த மாமா சட்டைப் பையில் மிட்டாய் இருக்கும். ஒருவர் மட்டும் காவல் இருந்து குழந்தையைக் கண்ணைவிட்டு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் குழந்தை முன்னால் சாப்பிடாதீர்கள். அப்படியும் ஏதாவது வாய்க்குள் போய்விட்டால் உடனே சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள், ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சின்னக் குழந்தைகளைப் பட்டியலில் முதலில் வைப்பது வழக்கம். ஆனால் நடுவில் அவசரக் கேஸ் வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். சொன்ன நேரம் தாண்டினால் சும்மா உட்கார்ந்திருக்காமல், 'இன்னும் எவ்வளவு நேரம், கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாமா, ட்ரிப்ஸ் போடுவீர்களா?' என்று போய்க் கேளுங்கள்.

7. அட்மிஷன்

குழந்தைகள் வார்டில் பெரும்பாலும் அம்மா மட்டும்தான் உள்ளே. அப்பா வெளியே காத்திருக்க வேண்டும், அதனால் இரண்டு பேரிடமும் சார்ஜ் உள்ள போன் இருக்கட்டும். மடக்குப் பாய், போர்வை, பிளாஸ்க், டம்ளர், வாளி, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, இறுக்கமில்லாத டிரவுசர், பழகிய பொம்மை ஒன்று. பணமும் நகையும் வார்டுக்கு வேண்டாம்.

முந்தின நாளே குழந்தையின் உடம்பிலிருந்து எல்லாவற்றையும் கழற்றுங்கள்: காப்பு, கொலுசு, கம்மல், தாயத்து, முக்கியமாக அரைஞாண் கொடி. குடலிறக்க ஆபரேஷன் நடக்கும் இடமே அதன் கீழ்தான். உள்ளே கரண்ட் கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் இருந்தால் சுடும். பல வருடமாக இறுகிக் கிடக்கிற காப்பைத் தியேட்டர் வாசலில் கழற்றப் பார்த்து, குழந்தையை அழவைப்பவர்கள் உண்டு. வீட்டிலேயே சோப்பு போட்டுக் கழற்றுங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள், விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டுவார்கள்.

ஒரு மருத்துவமனையில் எங்களிடம் ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் 'டீக்காசு' கேட்டார். பதற்றத்தில் எல்லாரும் கொடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் கட்டணமே கிடையாது. கட்டாயப்படுத்தினால் ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அதிகாரியிடம் சொல்லலாம், 104-லும் சொல்லலாம்.

8. ஒப்புதல் கையெழுத்து

அப்பா அல்லது அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அம்மா கையெழுத்து போதும். தாத்தா பாட்டியை மட்டும் அனுப்பிவைத்தால் சிக்கல் வரும்.

படிவத்தை நீட்டியதும் போடாதீர்கள். வலதா இடதா என்பது சரியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். ஸ்கேன், கேஸ் ஷீட், படிவம் மூன்றிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். 'இன்னொரு பக்கமும் பார்ப்பீர்களா?' என்று கேளுங்கள். வலி தெரியாமலிருக்க இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டில் ஒரு ஊசியும் போடுவார்களா என்று கேளுங்கள். போட்டால் சில மணி நேரம் கால் மரத்திருக்கும். அது தெரியாமல், பிள்ளைக்குக் கால் விளங்கவில்லை என்று ஒரு பாட்டி வார்டையே கூட்டிவிட்டார்.

9. தியேட்டர் வாசல்

'ஊசி போட மாட்டாங்க' என்று குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். ஒரு தடவை ஏமாந்தால் அப்புறம் டிரெஸ்ஸிங்குக்குக்கூட வராது. மூன்று வயதுக்கு முந்தின நாள் சொன்னால் போதும்: டாக்டர் மாமா வயிற்றைச் சரிபண்ணுவார், நீ தூங்குவாய், எழுந்திருக்கும்போது அம்மா இருப்பேன். தூக்கம் வர முன்கூட்டியே மருந்து கொடுப்பார்களா, வாசல் வரை அம்மா வரலாமா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் குழந்தை நம்மையே அடையாளம் தெரியாத மாதிரி வீறிட்டு அழலாம், கைகாலை உதறலாம். மயக்கம் தெளியும்போது சில குழந்தைகளுக்கு அப்படி ஆகும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கையில் ட்ரிப்ஸ் ஊசி இருக்கும், அதைப் பிடுங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றி நின்று எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவர்கள் சொல்லும்வரை தண்ணீர் வேண்டாம். வலி மருந்தை எடைக்குத் தகுந்த அளவில் எழுதித் தருவார்கள். அழுத பிறகு கொடுக்காமல், எழுதிய மணிக்குக் கொடுங்கள். சிறுநீர் போனதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

10. டிஸ்சார்ஜும் வீடும்

தனியாரில் காப்பீடு என்றால் கடைசி நாள் காத்திருப்பு சலிப்பாக இருக்கும். இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் 2024-இல் விதி போட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்கலாம். முந்தின நாளே 'நாளைக்கு டிஸ்சார்ஜ்' என்று பில் பிரிவில் சொல்லிவையுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியவுடன் அங்கேயே படியுங்கள். பெயர், வயது, எந்தப் பக்கம், செய்த ஆபரேஷன், மருந்து அளவு, திரும்ப வர வேண்டிய தேதி. தவறு இருந்தால் அங்கேயே திருத்துங்கள், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து திருத்துவது நடக்காத காரியம். தையல் தானாகக் கரையுமா, பிரிக்க வேண்டுமா? எப்போது குளிப்பாட்டலாம்? எப்போது அங்கன்வாடிக்கு அனுப்பலாம்? மூன்று சக்கர சைக்கிள் எப்போது? இந்த நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் நெருக்கியடித்துப் போக வேண்டாம், பைக்கில் நடுவில் உட்கார வைத்தும் வேண்டாம். அன்றைக்கு மட்டும் ஆட்டோவோ காரோ பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். புண்ணில் மஞ்சள்தூள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வைக்கக் கூடாது. புளி சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், கத்தரிக்காய் ஆகாது, தயிர் ஆகாது என்று ஒரு பட்டியல் வரும். டாக்டரிடமே கேட்டேன். வழக்கமாகச் சாப்பிடுவதைக் கொடுங்கள், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். முக்கினால்தான் தையலுக்குக் கஷ்டம்.

காய்ச்சல், புண் சிவந்து சூடாக இருப்பது, சீழ், விடாத வாந்தி, சிறுநீர் போகாதது, வயிறு உப்புவது, இவற்றில் ஒன்று வந்தாலும் மறு பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காதீர்கள். விதைப்பையில் லேசான வீக்கமும் கன்றலும் சில நாள் இருப்பது சகஜம், ஆனால் நாளுக்கு நாள் கூடினால் காட்டிவிடுங்கள்.

மறு பரிசோதனைக்குப் போகும்போது பழைய ஓ.பி. சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டுபோங்கள், போவதற்கு முன் இரண்டையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த யூனிட்டின் ஓ.பி. கிழமையில் போனால் ஆபரேஷன் செய்த டாக்டரையே பார்க்கலாம். வரிசை காலையிலேயே நீண்டுவிடும், முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.